நீர்வாசல் வழியாக

நெரினா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வீட்டைக் காலி செய்கிறேன், ஆனால் கால்வாய்ப்பக்க நீர்வாசல் வழியாகத்தான் வெளியே போவேன் என்றாள்.

"கல்யாணம் முடிஞ்சு அந்த வாசல்லதான் படகுல வந்து எறங்கினேன். உங்கப்பன் செத்தப்பவும் அது வழியாத்தான் எடுத்துட்டுப் போனாங்க. பெட்டி உருட்டுற கூட்டத்துக்கு நடுவுல என்னைச் சந்துல தூக்கிட்டுப் போகலாம்னு கனவு காணாதே."

மகன் ஃபுல்வியோ சரி என்றான். அவன் வெனிஸை விட்டுக் கரைப்பக்கம் மெஸ்த்ரேவுக்குக் குடிபோய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அங்கே ஒரு கிடங்கில் இரவு வேலை. அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அவனும் சுற்றுலாக்காரர்களைப் போலப் பாலத்தில் வரிசையில் நகர்ந்துதான் வரவேண்டும். அந்தக் கட்டடத்தில் மிச்சமிருந்த குடித்தனம் அம்மா மட்டும்தான். மற்ற மாடிகளில் மூன்று நாளுக்கு ஒருமுறை வாடகைக்கு வரும் ஆட்கள் மாறுவார்கள். சந்துப்பக்க வாசல் கம்பியில் அவர்களுக்கான சாவிப்பெட்டிகள் கொத்தாகத் தொங்கும். சுவரில் உப்பு ஏறி, தொட்டால் காரை கையோடு வந்தது. வீட்டுச் சொந்தக்காரனுக்கு அம்மாவின் மாடியும் வேண்டியிருந்தது. அம்மாவின் முழங்காலுக்கோ அந்தப் படிகள் வேண்டாமென்றிருந்தது. மெஸ்த்ரே முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. இன்று மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்கு.

நீர்வாசலுக்கு முன்னால் கால்வாய் தூர்ந்து கிடந்தது. கடைசிப் படிகள் இடிந்து உள்ளேயே விழுந்திருந்தன. அள்ள யாரும் வரவில்லை. சரக்குப் படகு ஓட்டும் துய்லியோ, ஃபுல்வியோவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகத் தோற்றவன், "இன்னைக்குத் தண்ணியே போதும்டா, வந்துடறேன்" என்று நேற்றே சொல்லியிருந்தான். ஃபுல்வியோ கேட்கவில்லை. அம்மாவைச் சேற்றில் இறக்க முடியாது. கடல் ஏறி இறங்கும் ஓத அட்டவணையைப் புரட்டி, வாரத்திலேயே தண்ணீர் அதிகம் ஏறும் நாளைப் பிடித்தான். அது இன்று.

வேலை முடிந்து தூங்காமல் நேராக வந்து, அம்மாவை முதுகில் சுமந்து இறங்கினான். நாப்தலின் நாற்றமடிக்கும் கம்பளிக் கோட்டும் உதட்டுச் சாயமுமாக, நீர்வாசல் கதவுகளுக்கு நடுவே சமையலறை நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். தென்காற்று பலமாக அடித்தது. துய்லியோவின் படகு திருப்பத்தில் தெரிந்தது. கிட்டே வந்து, கைக்கெட்டாத தூரத்தில் கல்லில் உரசி நின்றது.

"கொஞ்சம் பொறு, ஏறும்" என்றான் ஃபுல்வியோ.

காத்திருந்தார்கள். நெரினா எதிர்ச்சுவரில் தண்ணீர் தொடும் பாசி விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறலடா."

"ஏறும்மா. இன்னைக்குத்தான் அதிகம்."

"அதிகம்னாதான் கடல்வாயில மதகை மூடிடுவானே! உள்ள எங்கடா ஏறும்?"

ஃபுல்வியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. சுமாராக ஏறும் நாளில் மதகு திறந்திருக்கும், தண்ணீர் தாராளமாக வாசல்வரை வரும். ஊரை மூழ்கடிக்கும் அளவுக்கு ஏறும் நாளில் மூடிவிடுவார்கள். அவன் இந்த ஊரில் இருந்த காலத்தில் மதகே கிடையாது.

"நேத்து வரேன்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினான் துய்லியோ.

"மதகுன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"அதை வேற சொல்லணுமாக்கும்! இங்க திரியற நாய்க்குக்கூடத் தெரியும்."

"நாய் இங்கயே இருக்குதுல்ல" என்றாள் நெரினா.

துய்லியோ கோபத்தில் இன்ஜினை முடுக்கினான். அடியில் கிடந்த பழைய கயிறு படகின் விசிறியில் சுற்றிக்கொண்டு இன்ஜின் செத்தது. இனிப் படகு முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. மேல்மாடி விருந்தாளிகள், ஒரு இளம் ஜோடி, படியில் இறங்கி வந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், பாட்டியம்மாவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டார்கள். நெரினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எடுத்துக்கொண்டார்கள்.

"அம்மா, சந்து வழியாப் போயிடலாம்."

"மாட்டேன்."

"கட்டில் போயிடும்."

"போகட்டும்."

"அப்புறம் எங்கே கிடப்பே? சாயங்காலம் வீட்டுக்காரன் பூட்டை மாத்திடுவான். என் அறையில நான் படுக்கவே இடமில்லை."

அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். துய்லியோ இடுப்புவரை சேற்றில் இறங்கி வந்து நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தான். ஃபுல்வியோ பின்பக்கம். சந்தில் இவர்களுக்கு முன்னால் பெட்டிகள், பின்னால் பெட்டிகள். பாலத்தின் உச்சியில் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. குடை பிடித்த வழிகாட்டி ஒருத்தி எதையோ விளக்கினாள். ஏதோ உள்ளூர்த் திருவிழா என்று நினைத்திருப்பார்கள் போல, கைதட்டினார்கள். நெரினா கைப்பையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ராணியம்மா, கையை ஆட்டுங்க, சில்லறை விழும்" என்றான் துய்லியோ. யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

துறையில் அவர்களை விட்டுவிட்டு அவன் திரும்பிப் போனான். படகு பஸ்ஸில் நடத்துநர் நெரினாவிடம் ஆங்கிலத்தில் பேசினான். பக்கத்தில் நின்ற மிலான் நகரத்துக்காரி ஒருத்தி குனிந்து, "நீங்களும் சுத்திப் பாக்கத்தான் வந்தீங்களாம்மா?" என்றாள்.

"ஆமா" என்றாள் நெரினா. "பாத்தாச்சு. ஒண்ணும் பெருசா இல்லை."

கட்டில் கிடைத்தது.

மறுநாள் காலை, வேலை முடிந்து ஃபுல்வியோ அங்கே போனான். அவள் உதட்டுச் சாயத்தைக் கழுவாமலே படுத்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கார்கள் வரிசையாக நின்றன. அப்போது துய்லியோ போனில் கூப்பிட்டான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"மதகு திறந்துட்டான்டா! கயித்தை அறுத்துட்டேன். உங்க படியை ஒட்டித்தான் நிக்கறேன், படகு பூவாட்டம் மிதக்குது. கதவு திறந்தே கிடக்கு. அந்த ஜோடி நடுவாசல்ல உக்காந்து காப்பி குடிக்குதுங்க."

ஃபுல்வியோ போனைப் பைக்குள் போட்டான்.

"நேத்து நீர்வாசலைச் சாத்தினியா?" என்று கேட்டாள் நெரினா.

"இல்லை."

"போய்ச் சாத்திட்டு வா. தண்ணி உள்ள ஏறிடும்."

"அது இனி நம்ம வீடு இல்லம்மா."

"அதுக்காக?"

அவனுக்குத் தூக்கத்தில் கண் சொருகியது. பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவள் இன்னொரு முறை சொன்னாள். அவன் போகவில்லை.