பனம்பழம் அளவு மங்குஸ்தான்

"இது எவ்ளோ பெருசு இருக்கும் வாத்தியாரம்மா?" என்று பில்கிஸ் கேட்டபோது அமிர்தவள்ளியின் குச்சி மூன்றாவது வரிசையில், ஊதா நிறப் பழம் ஒன்றின் மேல் நின்றிருந்தது. சுவரில் தொங்கிய அந்தப் படம் சீமையில் அச்சாகி, கப்பலில் மதராஸுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் ஆம்பூருக்கு வந்தது. உலகத்துப் பழங்களையும் காய்கறிகளையும் கட்டம் கட்டமாகப் போட்டு, அடியில் பெயர் எழுதியிருந்தார்கள். வர்ணமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை வரைந்த வெள்ளைக்காரன் எல்லாக் கட்டத்தையும் ஒரே அளவில் போட்டுவிட்டு, ஒவ்வொரு பழத்தையும் அதனதன் கட்டம் நிறைய வரைந்திருந்தான். பூசணிக்காயும் திராட்சையும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. பூசணியையும் திராட்சையையும் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள், அதனால் அங்கே குழப்பமில்லை. பார்க்காத பழங்களுக்கு வாத்தியாரம்மாதான் கதி.

மங்குஸ்தானை அமிர்தவள்ளியும் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண் குழந்தைகள் அத்தனை பேரும், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவள் வாயையே பார்த்தார்கள். யாரும் தன்னை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"பனம்பழம் அவ்ளோ இருக்கும். நிறமும் ருசியும் கிட்டத்தட்ட அதேதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரர் பினாங்குல இருக்காரில்ல, அவர் சொன்னார். ஒண்ணு அறுத்தா நாலு பேர் சாப்பிடலாமாம். அவரும் கூட இருக்கிற மூணு பேரும் சந்தையில ஒண்ணு வாங்கித்தான் பங்கு போட்டுப்பாங்களாம்."

பில்கிஸ் திருப்தியோடு தலையாட்டினாள். அவள் தோல் வியாபாரி நிசார் அஹமதுவின் கடைசிப் பெண், எட்டு வயது. அவளுக்காகவும் சொந்தக்காரர் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்காகவும் நிசார் அஹமது தன் வீட்டின் பின்கட்டிலேயே இந்தப் பள்ளிக்கூடத்தை வைத்திருந்தார். ஆண் வாத்தியார் அந்தக் கட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அதனால்தான் மதராஸில் ஆசிரியைப் பயிற்சி முடித்த, வாலாஜாபேட்டைக்காரியான அமிர்தவள்ளிக்கு இந்த வேலையும், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கிடைத்தன.

வேலை கேட்டு வந்த அன்று நிசார் அஹமதுவின் மனைவி ஜஹீருன்னிசா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். வீட்டுக்காரர் எங்கே? பினாங்கில் ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை, கணக்கு எழுதுவது என்றாள் அமிர்தவள்ளி. அதுவரைக்கும் அது பொய்யில்லை. கோதண்டராமன் கிராணி வேலைக்கென்று கப்பலேறிப் போனது வாஸ்தவம். போய் எட்டு வருஷமாயிற்று. முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. செத்தானா, அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டானா, ஒருவருக்கும் தெரியாது. மாமியார் வீட்டில் அவளை வாழாவெட்டி என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆரம்பித்த பிறகுதான் அவள் படிக்கப் போனாள். வயசுக்கு வரப்போகும் பெண்கள் இருக்கும் வீட்டில் வாழாவெட்டியை யார் சேர்ப்பார்கள்? அது அந்த வீட்டுக்காரர்களின் குணமில்லை, ஊர் உலகத்தின் குணம். ஆகவே அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் குங்குமத்தைக் கொஞ்சம் பெரிதாகவே இட்டுக்கொண்டாள்.

ஊரும் அவளோடு ஒட்டவில்லை. வந்த புதிதில் தோல் பதனிடும் டேனரிகளிலிருந்து வந்த சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடைக்குச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு மாதத்தில் மூக்கு தோற்றுப்போனது. ஆனால் மனிதர்கள் பழகவில்லை. அக்கம்பக்கத்து இந்து வீடுகளில் 'சாயபு வீட்டு வாத்தியாரம்மா' என்று ஓர் எட்டு தள்ளியே நின்றார்கள். சாயபு வீட்டுப் பெண்கள் மரியாதையாக நடத்தினார்கள், ஆனால் தங்களுக்குள் உருதுவில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். பெருக்கித் துடைக்க வரும் கெங்கம்மாள்தான் அவளோடு நாலு வார்த்தை பேசுகிறவள், அதுவும் தன் முழங்கால் வலியைப் பற்றி. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு பின்கட்டு வெறிச்சோடிவிடும். ஒரு பிடி அரிசியைக் களைந்து போட்டுவிட்டு, அது கொதிக்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். தனியாக இருக்கிறவர்களுக்குச் சோறு ரொம்ப மெதுவாகத்தான் வேகும்.

மங்குஸ்தானுக்குப் பிறகு அந்தச் சாயங்காலங்கள் கொஞ்சம் மாறின. நாளைக்கு எந்தக் கட்டம், அதை அவர் எங்கே சாப்பிட்டார், அவரோடு யார் இருந்தார்கள் என்று யோசிக்க வேண்டியிருந்தது. துரியன் பழத்தன்று, அந்த வாடை தாங்காமல் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார் என்றாள். "நம்ம டேனரியவிட ஜாஸ்தியா?" என்று ஒரு பெண் கேட்க, பின்கட்டே சிரித்தது. அன்னாசிப்பழத்தன்று அவருக்கு நாக்கு வெந்துபோயிற்று. கிழங்கு வரிசை வந்தபோது, தோட்டத்தில் மழை பிடித்துக்கொண்டு நாலு நாள் கிழங்கை மட்டும் சுட்டுத் தின்றார். நிஜமான கோதண்டராமன் வாயைத் திறந்தால் உப்பு ஜாஸ்தி, காரம் கம்மி என்பதற்குத்தான். இந்தக் கோதண்டராமன் சிரிக்கச் சிரிக்கப் பேசினான், எதைத் தின்றாலும் வீட்டு நினைப்பு வந்தது அவனுக்கு. நாளடைவில் அமிர்தவள்ளிக்கு இவனை ரொம்பப் பிடித்துப்போனது.

முன்கட்டில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜஹீருன்னிசா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் கணவர் வருஷத்தில் பாதி நாள் தோல் ஏலத்துக்கென்று மதராஸிலும் கல்கத்தாவிலும் இருந்தார். தபால்காரர் பஞ்சாட்சரம் அந்த வீட்டுக் கடிதங்களை வாசலில் கொடுத்துவிட்டுப் போனால், யார் யாருக்கு எது என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பது அவள் வேலை. வாத்தியாரம்மாவுக்குக் கடிதம் வந்ததா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ரம்ஜான் முடிந்து சில வாரம் கழித்து ஜஹீருன்னிசாவின் தம்பி ரஷீத் அஹமது ஊர் திரும்பினான். தோல் விற்க வழி பார்க்கலாம் என்று பினாங்குக்குப் போனவன், வியாபாரம் படியாமல், ஒரு மூங்கில் கூடையோடு வந்து சேர்ந்தான். பில்கிஸ் பின்கட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

"வாத்தியாரம்மா, மாமூ மங்குஸ்தான் கொண்டாந்திருக்காரு! அம்மா உங்களையும் கூப்பிடறாங்க."

அமிர்தவள்ளிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதை நினைத்து அப்புறம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அவருடைய பழத்தைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவள் எழுந்து போனாள்.

முற்றத்தில் பிள்ளைகள் கூடையைச் சுற்றி நின்றார்கள். ஜஹீருன்னிசா வைக்கோலை விலக்கினாள். உள்ளே இருந்தவை பெரிய எலுமிச்சம்பழம் அளவுதான். பாதிக்கு மேல் கப்பலிலேயே இறுகிப்போய்க் கொட்டாங்கச்சி மாதிரி கடகடவென்றன. நிறம் அதே ஊதா, காம்படியில் அதே பச்சை மடல், படத்தில் இருந்தது அப்படியே. அளவு மட்டும்தான் வேறு. பிள்ளைகள் கூடையைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள்.

"இது மங்குஸ்தான் இல்ல" என்றாள் பில்கிஸ். "மாமூ ஏமாந்துட்டாரு. மங்குஸ்தான் பனம்பழம் அவ்ளோ இருக்கும். இது ஒரு ஆளுக்கே காணாது."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரஷீத் அஹமது சிரிப்பது கேட்டது. "இன்னா பேசறே நீ? மூணு மாசம் அதைத்தான் தின்னுட்டுக் கெடந்தேன். எனக்குத் தெரியாதா? யார் சொன்னது பனம்பழம்னு?"

"வாத்தியாரம்மா வீட்டுக்காரரு சொன்னாரு. அவரும் பினாங்குலதான் இருக்காரு."

"அப்படியா?" திரைக்குப் பின்னால் குரல் மரியாதையாக மாறியது. "எனக்குத் தெரியாம போச்சேம்மா. எந்த எஸ்டேட்டு? பேர் இன்னா? நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாரும் எனக்குப் பழக்கம்தான். தெரிஞ்சிருந்தா பாத்துட்டே வந்திருப்பேனே."

புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக்கூடாது என்பது அந்த நேரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஒதுங்கிடம். அதற்குள் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்க முடியும்? எஸ்டேட் பெயரையாவது சொல்ல வேண்டுமே. இத்தனை நாளில் அவனுக்கு மழை கொடுத்தாள், சிநேகிதர்கள் கொடுத்தாள், எஸ்டேட்டுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை. வேலை போய்விட்டது என்று நினைத்தாள். அறை போய்விட்டது. இனி வாலாஜாபேட்டைக்கு எந்த முகத்தோடு போவது?

"நீ இன்னாத்தைக் கண்டே ரஷீத்?" என்றாள் ஜஹீருன்னிசா. குரலை அவள் உயர்த்தவில்லை. "துறைமுகத்துல எறங்கினே, துறைமுகத்துலயே ஏறிட்டே. உள்ளே தோட்டத்துல காய்க்கிறது வேற. அது பெரிய ஜாதி. கப்பல்ல போட்டா நசுங்கிடும்னு ஏத்த மாட்டாங்க. இந்தப் பொடிசைத்தான் வெளியூருக்கு அனுப்புவாங்க."

ஜஹீருன்னிசா வாணியம்பாடியில் பிறந்து ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டுக்கும் நடுவே திரை கட்டிய மாட்டுவண்டியில் போய்வந்ததுதான் அவள் கண்ட உலகம். அவள் பினாங்குத் தோட்டங்களைப் பற்றி அவ்வளவு தீர்மானமாகப் பேசினாள். ரஷீத் அஹமது உருதுவில் ஏதோ கேட்டான். ஒரே ஒரு சொல்லில் அவள் பதில் சொன்னாள்.

"இருக்கும் ஆபா" என்று அக்காவிடம் தமிழில் சொன்னான். செருப்புச் சத்தம் வாசல் பக்கம் போனது.

ஜஹீருன்னிசா நல்ல பழமாக ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்திப் பிளந்தாள். உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளை வெளேரென்று சுளைகள். அதை முதலில் அமிர்தவள்ளியிடம் நீட்டினாள். அமிர்தவள்ளி ஒரு சுளையை வாயில் போட்டாள். தித்திப்புக்குள் ஒரு சின்னப் புளிப்பு, கடிக்கும் முன்பே கரைந்துவிட்டது. அவள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தது பனம்பழத்தின் ருசி.

"அவரு சொன்ன மாதிரியே இருக்கா?" என்று பில்கிஸ் ஆவலாகக் கேட்டாள்.

"சாப்பிடறப்போ பேசக்கூடாது" என்று ஜஹீருன்னிசா மகளை அடக்கினாள்.

தோலின் சாறு விரல்களில் கடுக்காய்க் கறை மாதிரி பிடித்துக்கொண்டது. சிகைக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அன்று சாயங்காலம் அவள் கிணற்றடியில் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜஹீருன்னிசா பின்கட்டுப் படிவரை வந்து நின்றாள். அவள் அப்படி வருவது வழக்கமில்லை.

"கெங்கம்மாளைத் துணைக்கு வந்து படுத்துக்கச் சொல்லட்டுமா?"

வேலையை விட்டு நிற்கச் சொல்வாள் என்றுதான் அமிர்தவள்ளி எதிர்பார்த்திருந்தாள்.

"வேணாம்மா. பழகிப் போச்சு."

"எனக்கும்தான் பழகிப் போச்சு" என்றாள் ஜஹீருன்னிசா. பிறகு உள்ளே போய்விட்டாள்.

வேலை போகவில்லை. மாதச் சம்பளம், அரிசி, அறை எல்லாம் முன்போலவே இருந்தன. ஒன்றுதான் நின்றுபோனது. பிள்ளைகள் அவரைப் பற்றிக் கேட்பதில்லை. யார் என்ன சொல்லிவைத்தார்களோ, ஒவ்வொரு கட்டத்தையும் அமைதியாகப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் அமிர்தவள்ளியே ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்காரர் இதை ஒரு தடவை..." என்றதும் பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். பில்கிஸ் மட்டும், பெரியவர்கள் செய்வதுபோல, "ம்" என்றாள். கோபித்திருந்தால், பொய் என்று கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த மரியாதையை அவளால் தாங்க முடியவில்லை. வாக்கியத்தை எப்படியோ முடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

சாயங்காலங்களில் மறுபடி சோறு மெதுவாக வெந்தது. கோதண்டராமன் கப்பலேறிப் போனபோது அவள் அழுதிருக்கிறாள், ஆனால் அப்போது வீடு நிறைய மனிதர்கள் இருந்தார்கள். இப்போது கதையோடு போனவனுக்காக யாரிடம் அழுவது? இறுகிப்போன மங்குஸ்தான் ஒன்றைப் பில்கிஸ் கொடுத்திருந்தாள். அதை ஜன்னல் மாடத்தில் வைத்திருந்தாள். காற்றடித்தால் அது லேசாக உருண்டு சுவரில் இடித்தது.

படத்தில் கடைசி வரிசை வந்தது. சிவப்பாக, உடம்பெல்லாம் விதை ஒட்டிக்கொண்டு, தலையில் பச்சை இலையோடு ஒரு பழம். அடியில் ஸ்ட்ராபெர்ரி என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அமிர்தவள்ளி பெயரைச் சொன்னாள், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஒருத்தியும் எதுவும் கேட்கவில்லை. குச்சியை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தப் போனவள் நிறுத்தினாள்.

"இது எவ்ளோ பெருசு இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள். "நான் பாத்ததில்ல. எனக்கு யாரும் சொன்னதும் இல்ல. நீங்க காட்டுங்க பாக்கலாம்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ஒருத்தி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு புளியங்கொட்டை அளவு காட்டினாள். இன்னொருத்தி சொம்பு அளவு காட்டினாள். பில்கிஸ் இரண்டு கையையும் அகல விரித்ததில் பக்கத்தில் இருந்தவள் முக்காடு நழுவியது. சிரிப்பு வந்தது, அடங்கியது.

"நீங்க?" என்றாள் பில்கிஸ்.

அமிர்தவள்ளி குச்சியைக் கீழே வைத்தாள். கறை இன்னும் போகாத இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, கொஞ்சம் விலக்கி, கொஞ்சம் சேர்த்து, மறுபடி விலக்கி, ஓர் இடத்தில் நிறுத்தினாள். பிள்ளைகள் தங்கள் கைகளைக் கீழே போட்ட பிறகும் அவள் போடவில்லை. அவள் கைகளுக்கு நடுவே இருந்த வெறும் இடத்தைப் பில்கிஸ் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.