பற்றரி இல்லாத கியர்

விமலேஸ்வரி பெடலில் காலை ஊன்றி எம்பினாள். சைக்கிள் அரை முழம் போய் வேலியில் சாய்ந்தது. புருசன் நடராசா சிரித்தார்.

"சுவிஸ் சைக்கிளாம். மாடு பூட்டித்தான் இழுக்கவேணும்."

வாதத்தில் மனுசியின் விரல்கள் முறுகிப் பல வருசம். ஊர்ச் சைக்கிளின் பிறேக்கை இறுக்கிப் பிடிக்க ஏலாது. அது தெரிந்துதான் அவளுடைய தம்பி கிருசாந்தன் சுவிஸிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்பினான். பிறேக் பஞ்சு மாதிரி. கியருக்குப் பொத்தானைத் தொட்டால் போதும், பற்றரி மாற்றும். எதிர்க்காற்றிலும் பாரம் தெரியாது. வெளிநாட்டில் இருந்து சொன்னால் எல்லாம் லேசு. சண்டை நடக்கிற வன்னிக்குள் பற்றரி வர ஆமி விடாது என்று அவனுக்கு ஆர் சொல்வது? வவுனியாவில் சோதித்த ஆமிக்காரன் பற்றரியைக் கழற்றிக்கொண்டு சைக்கிளை விட்டான். கியர் ஆகப் பாரமானதிலேயே நின்றுபோனது.

அவளுக்குத் தருமபுரம் போகவேணும். பளையிலிருந்து இடம்பெயர்ந்த மகள் ஜெயரூபி அங்கே ஒரு கொட்டிலில் நிறைமாதமாக இருந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த மாயாண்டியின் மகனைக் கட்டியவள். அதனால் நடராசா அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

அடுத்த நாள் அவர் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பின்சில்லில் டைனமோவைப் பூட்டி, பற்றரி இல்லாமல் கிடந்த றேடியோவுக்கு வயர் இழுத்தார். பாரமான கியரில் சில்லு நல்ல வேகமாகச் சுற்றும். பின்னேரச் செய்திக்கு அயல் ஆம்பிளையள் கூடினார்கள். சுற்றுவது விமலேஸ்வரி. விரல் பிடிக்காததால் மணிக்கட்டால் பெடலைத் தள்ளினாள். கை சோர்ந்தால் றேடியோக் குரல் தாழும்.

"சத்தம் போகுது. சோறு தின்னேல்லையோ?" என்றார் நடராசா.

"அக்கா நல்ல ஜெனறேற்றர், அண்ணை," என்றான் அடுத்த வளவுச் செல்வராசா. எல்லாரும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் செய்திக்கு நடுவில் மாயாண்டி வியர்வை வடிய வந்து படலையில் நின்றார்.

"அம்மா, பொண்ணுக்கு வலி கண்டிருச்சுங்க. பையன் சைக்கிள எடுத்துக்கிட்டு மருத்துவிச்சியத் தேடிப் போயிருக்கான். நான் நடந்துதான் வந்தேன். உங்களக் கேட்டு அழுவுதுங்க."

"நியூஸ் முடியட்டும்," என்றார் நடராசா. "சுத்தடி."

அவள் கையை எடுத்தாள். "செல்வராசா, உன்ரை கரியரிலை என்னை ஒருக்கா ஏத்திக்கொண்டு போறியோ?"

செல்வராசா நடராசாவைப் பார்த்தான். பிறகு றேடியோவைப் பார்த்தான்.

"பின்சில்லுக்குக் காத்துப் போதாதக்கா."

வேலி நெடுக செய்திக்கு வந்தவர்களின் சைக்கிள்கள் சாய்ந்து கிடந்தன. ஹாண்டில்கள் சேலையில் தட்டத் தட்ட அவள் மாயாண்டிக்குப் பின்னால் நடந்தாள். நடராசா குந்தியிருந்து இரண்டு கையாலும் பெடலைப் பிடித்தார். செய்திக் குரல் ஓங்கியது.