கலண்டரில் இருந்த நகரம்

காலை ஐந்தரைக்கு எழும்புவேன். தேத்தண்ணி வைப்பேன். சீனி போடுவதில்லை. முதல்நாள் போட்ட சொக்ஸை விரித்துக் கூடையில் போடுவேன். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உடுப்புத் தோய்க்க ஒரு நாள், எங்களுக்கு வியாழன். அன்று மட்டும் கூடையை நிலக்கீழ் அறையில் இறக்கி வைத்துவிட்டு பஸ் பிடிப்பேன். சுவிஸில் எம்மன்புரூக்கேயிலிருந்து லுட்சேர்ன் நகரத்துக்கு. அங்கே கட்டட வரைபடம் கீறும் வேலை.

சமையலறைச் சுவரில் போன வருடக் கலண்டர். செப்டம்பரோடு நிற்கிறது. சிவந்த மலையைக் குடைந்து செதுக்கிய பெரிய வாசல். கீழே சின்ன எழுத்தில்: பெட்ரா, ஜோர்தான்.

அந்தச் செப்டம்பரில் என் மனைவி தனுஷியா இறந்தாள். வயது முப்பத்தொன்று. முதியோர் இல்லத்தில் வேலையில் இருந்தபோது தலைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரமுன் முடிந்துவிட்டது.

அன்று பின்னேரம் அவளுடைய அம்மா சுசீலாதேவி சோலோதுர்னிலிருந்து போன் எடுத்தார். அழுகைக்கு நடுவில் கேட்டார்: "தம்பி, கடைசியா என்ன சொன்னவள்?"

எங்கள் சனம் செத்தவீட்டில் முதல் கேட்கும் கேள்வி அதுதான். அதற்கு ஒரு நல்ல பதில் இருக்கவேண்டும். நான் சமையலறையில் நின்றேன். கலண்டர் கண்ணுக்கு நேரே இருந்தது.

"பெட்ராவைப் பாக்கவேணும் எண்டு சொன்னவ, மாமி."

ஒரு வசனம். அது சோலோதுர்ன் முழுக்கப் போனது. எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு நொஷாட்டலிலிருந்து வந்த சொந்தக்காரர் சிவநேசன் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ஆசையைக் கிடப்பிலை போடக்கூடாது, கண்டியோ," என்றார். மாமி ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்கு முதல் பிள்ளையின் ஆசை தீரவேண்டும். இல்லாவிட்டால் அவள் அலைவாள்.

மே மாதம் சூரிச்சிலிருந்து பறந்தோம். மாமியின் கைப்பையில் தனுஷியாவின் படம், கண்ணாடிச் சட்டத்தோடு.

பெட்ராவுக்குள் போகும் வழி ஒரு மலைப் பிளவு. இருபக்கமும் பாறை. பாறையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன் வெட்டிய தண்ணீர் வாய்க்கால். வேலைப்பழக்கத்தில் சரிவைப் பார்த்தேன். சீராக இருந்தது. வழி முடியுமிடத்தில் மலையளவு முகப்பு. தூண், சிலை, வளைவு எல்லாம் உண்டு. பின்னால் இருந்தது ஒன்றுமில்லாத சதுர அறை. எத்தனையோ பேர் கூடி, அந்த வெற்று அறைக்கு இந்த முகப்பைச் செதுக்கியிருக்கிறார்கள்.

மாமி போனை எடுத்துப் பார்த்தார். கலண்டரைப் படம் பிடித்து வைத்திருந்தார்.

"இதில்லைத் தம்பி. தூணைப் பாருங்கோ, வேறை."

தேத்தண்ணி விற்ற பெண் போனைப் பார்த்துவிட்டு மலையுச்சியைக் காட்டினாள். எண்ணூறு படி.

மாமிக்கு முழங்கால் ஒப்பரேஷன் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு கிழவர் கழுதையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கழுதையோ?" என்றார் மாமி. "அந்தக் காலத்திலை எங்கட ஆக்கள் கள்ளரையெல்லே கழுதையிலை ஏத்தி ஊர்வலம் விட்டவை. நான் என்னத்தைக் களவெடுத்தனான்?"

நான் கிழவரை அனுப்பிவிட்டேன்.

நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் மாமி பாறையில் இருந்தார், எழும்பினார். வெயில் பாறையில் பட்டு முகத்தில் அடித்தது. மாமியின் உதடு வெளுத்திருந்தது.

"நீங்கள் இதிலை இருங்கோ மாமி. நான் படத்தைக் கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வாறன்."

"பெத்தவள் நான். தவண்டெண்டாலும் போவன்."

பாறையைப் பிடித்து அடுத்த படியில் கால் வைத்தார். முழங்கால் மடிந்தது. பிடித்து இருத்தினேன். மறுபடி எழும்பப் பார்த்தார்.

"மாமி, அவ அப்பிடிச் சொல்லேல்லை."

"எப்பிடி?"

"பெட்ராவை. நான்தான் சொன்னனான். கலண்டர் முன்னுக்குத் தொங்கினது."

மாமி படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். சேலைத் தலைப்பால் தூசியைத் துடைத்தார். மேலேயிருந்து இறங்கி வந்த ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"என்னைப் பேய்க்காட்டி ஏமாத்த எப்பிடி மனம் வந்தது?"

"அவ சொன்னது சும்மா வீட்டுக் கதை, மாமி. செத்தவீட்டிலை சொல்லுற மாதிரி இல்லை."

"அது என்ரை பிள்ளையின்ரை கதையெல்லே. எட்டு மாதமா நீங்கள் ஏன் அதைத் தனிய வைச்சிருந்தனீங்கள்?"

தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினேன். மாமி வாங்கவில்லை.

"சொல்லுங்கோ. என்ன சொன்னவள்?"

சொன்னேன்.

மாமி கொஞ்சநேரம் படத்தையே பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அழுதார்.

"ஓம்," என்றார். "அது அவளேதான்."

எழும்புவதற்குக் கை நீட்டினார். உச்சிக்குப் போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பாதிவழியில், "திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன்.

அவள் இறந்த அன்று வியாழக்கிழமை. தனுஷியா உடுப்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பஸ்சுக்கு நேரமாகியிருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொக்ஸைச் சுருட்டிப் போடாதேங்கோ எண்டு எத்தினைதரம் சொல்லுறது? விரிச்சுப் போடுங்கோ. உள்ளுக்கை ஈரம் காயுதில்லை."