கரை வளர்கிறது

துறைமுக அளவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவளுக்குக் கோட்டம்மா என்று பெயர் வைத்தது அவளுடைய அக்காவின் கணவர். "நாங்கல்லாம் வேர்வை சிந்திச் சாப்பிடுறோம். இவ கோடு போட்டே சாப்பிடுறா" என்று என்றோ ஒருநாள் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயர் எப்படியோ அலுவலகம் வரை வந்து ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. தனியாக வாழ்கிறவள், உரிமையோடு கேலி செய்ய அவர் ஒருவராவது இருக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

மழை ஓய்ந்ததும் ஒவ்வொரு வருடமும் கரையை அளப்பது அவள் பிரிவின் வேலை. கடலோரச் சாலை நெடுக நாற்பது கல் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கல்லிலிருந்தும் தண்ணீர் விளிம்பு வரை நாடாவை இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். இருபது கல் துறைமுகத்துக்குத் தெற்கே, இருபது வடக்கே. அந்த எண்களை வைத்துக் கரைக்கோடு போடுவாள்.

அலுவலக இழுப்பறைகளில் தொண்ணூறு வருடத்து வரைபடங்கள் கிடந்தன. பழையவை துணி ஒட்டிய தாளில், கறுப்பு மையில். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஊரின் கதை தெரியும். முதல் படத்தில் வடகரையில் ஒரு சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், பந்து விளையாடும் திடல், கரையை ஒட்டி ஒரு வண்டிப்பாதை. இருபது வருடம் கழித்துப் போட்ட படத்தில் வண்டிப்பாதை இல்லை. அதற்கடுத்ததில் சாவடி இல்லை. அப்புறம் திடல். பள்ளிக்கூடத்தைக் கடல் கொண்டுபோன வருடத்தில் கோட்டம்மாவுக்கு ஐந்து வயது. அந்தப் பள்ளியில்தான் அக்கா படித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் சிக்கலானதல்ல. கடலோர மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். மலையில் வெட்டிய இரும்புத் தாதுவை ஏற்ற வரும் கப்பல்கள் ஆடாமல் நிற்க வேண்டுமென்று நூறு வருடத்துக்கு முன் கடலுக்குள் கல்லைக் கொட்டி ஒரு நீண்ட சுவர் எழுப்பினார்கள். மணலுக்கு வழி அடைபட்டது. தெற்கே தேங்கித் தேங்கிப் புதுநிலம் வந்தது. வடக்கே வந்துகொண்டிருந்த மணல் நின்றது. போய்க்கொண்டிருந்தது மட்டும் நிற்கவில்லை. சுவருக்குப் பின்னால் ரயில் வந்தது, இரும்பாலை வந்தது, உரத் தொழிற்சாலை வந்தது. புதுநிலத்தில் விடுதிகளும் அதிகாரிகள் குடியிருப்பும் பூங்காவும் எழுந்தன. அரித்துக்கொண்டிருந்த வடகரையில் மனை மலிவு. தொழிலாளிகள் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள்.

அக்கா வீடு அங்கேதான், கடைசித் தெருவில் கடைசி வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு குளியலறை. உரத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் கட்டியது. ஆறு வருடத்துக்கு முன் ஆலையை மூடிவிட்டார்கள். அத்தான் இப்போது துறைமுகத்துத் தாதுக் களத்தில் ஒப்பந்தக் கூலி. புழுதி பறக்காமல் தாதுக் குவியல்மேல் குழாயால் தண்ணீர் அடிக்கும் வேலை. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு.

அந்த வருடம் அக்கா வீட்டை ஒட்டிய முப்பத்தொன்றாம் கல்லை அளக்கப் போனபோது அக்கா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் கல்லிலிருந்து தண்ணீருக்கு முப்பது மீட்டர் இருந்தது. இப்போது எட்டு. கோட்டம்மா நாடாவைத் திரும்பவும் பிடிக்கச் சொன்னாள். திரும்பவும் எட்டு.

"என்னடி, கடல் குறைச்சுக் காட்டுதா?" என்றாள் அக்கா.

"போய் டீ போடு" என்று மட்டும் சொன்னாள் கோட்டம்மா.

குளியலறைச் சுவரில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தார்கள். "உங்க அத்தானோட பொறியியல்" என்றாள் அக்கா.

அலுவலகத்துக்கு வந்து வடகரையில் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். அதற்குக் கடல் பக்கம் இருப்பது அபாயப் பகுதி என்று பொருள். அக்கா தெருவும் அடுத்த மூன்று தெருக்களும் அதற்குள் வந்தன. அந்தக் கோடு கோப்பில் ஏறினால் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கு மாற்றுவீடு கொடுத்தாக வேண்டும். ஆனால் அதே கோடு ஏறினால் இன்னொன்று நின்றுபோகும். கடற்சுவரை இன்னும் எண்ணூறு மீட்டர் நீட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது; கரை அரிக்கிறது என்று எழுதினால் அதற்கு அனுமதி கிடைக்காது.

பொறியாளர் படத்தை வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை.

"தெற்கே எவ்வளவு ஏறியிருக்கு?"

"வருஷத்துக்குப் பதிமூணு மீட்டர்."

"வடக்கே?"

"பதினொண்ணு குறைஞ்சிருக்கு."

"ரெண்டையும் சேர்த்துச் சராசரி பாருங்க. வருஷத்துக்கு ஒரு மீட்டர் கரை வளருது. இதுல பொய் ஒண்ணும் இல்லையே?"

"சார், தெற்கே வளர்ற மணல்ல வடக்கே இருக்கறவன் போய் நிக்க முடியாது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய கப்பல் இப்பவே நம்ம பக்கம் எட்டிப் பாக்கறதில்ல. சுவர் நீளலைன்னா இன்னும் நாலு வருஷத்துல இரும்பாலையும் கிளம்பிடும். அப்புறம் வடக்கே கரை இருக்கும், சாப்பிட வழி இருக்காது. நான் உங்களை மிரட்டல. யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசிக்க அத்தானிடம் போனாள். மதிய இடைவேளை. தாதுக் களத்தில் எல்லாமே சிவப்பு. தரை, சுவர், அவர் காது மடல், தூக்குச் சட்டியின் மூடி. அவரை ஓரமாக அழைத்து எண்களை ஒளிக்காமல் சொன்னாள். இந்த வேகத்தில் போனால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்றாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தக் கோட்டைப் போட்டா சுவர் வேலை நின்னுடுமா?" என்றார்.

"நின்னுடும்னுதான் நினைக்கிறேன்."

"இந்த மாசம் எனக்கு எத்தனை நாள் வேலை தெரியுமா கோட்டம்மா? அஞ்சு நாள். கல்லு கொட்ட ஆரம்பிச்சாங்கன்னா எங்க எல்லாருக்கும் மூணு வருஷம் நிரந்தரமா வேலைன்னு ஒப்பந்தக்காரன் சொல்லியிருக்கான்."

"வீடு போயிடும் அத்தான்."

"வீட்டை நான் பாத்துக்கறேன். மண் மூட்டை அடுக்கினா ரெண்டு வருஷம் ஓட்டிடலாம். அதுக்குள்ள வேற இடம் பாத்துடுவேன்." தூக்குச் சட்டியை மூடினார். "அவர் சொல்றபடி போட்டுடு. உங்கக்காகிட்ட இதெல்லாம் சொல்லி அவ தூக்கத்தைக் கெடுக்காதே. சமயம் பாத்து நானே சொல்லிக்கறேன்."

அதுவரை அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. மறுநாள் புதுப் படம் போட்டாள். சிவப்புக் கோடு இல்லாத படம். அறிக்கையின் முதல் வரி, "கரை வளர்கிறது" என்று இருந்தது. அதன் கீழே கையெழுத்திட்டாள். முதல் படத்தைக் கிழித்துப் போட மனம் வராமல் சுருட்டி வீட்டு அலமாரிக்கு மேல் வைத்தாள்.

ஏழு மாதம் கழித்து, வானம் பளிச்சென்றிருந்த ஒரு நண்பகலில் அது நடந்தது. எங்கேயோ நடுக்கடலில் அடித்த புயலின் அலை இங்கே வந்து சேர்ந்தது. காற்றே இல்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அக்காவும் மற்றவர்களும் முதலில் வேடிக்கைதான் பார்த்தார்கள். சுவர் வேலை இன்னும் தொடங்கியிருக்கவில்லை, அன்று கப்பலும் இல்லாததால் அத்தான் வீட்டில் இருந்தார். பின்புறம் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது அலை அடிமணலை உருவிக்கொண்டு போனது. குளியலறைச் சுவர் அவர்மேல் சாய்ந்தது. அக்கம்பக்கத்தார் கையாலேயே கல்லைப் புரட்டி அவரை எடுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதினான்கு வீடுகள் போயிருந்தன. மருத்துவமனையில் அவரும் போய்விட்டார்.

செய்தி கேட்டு ஓடிவந்த கோட்டம்மாவைப் பார்த்ததும் அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோளில் வைத்த கையை எடுத்துவிட்டாள். 'அத்தான்தான் போடச் சொன்னார்' என்ற ஒரு வாக்கியம் கோட்டம்மாவின் வாய்வரை வந்தது. பிணவறை வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியுமா?

விசாரணை வைத்தார்கள். இயற்கைச் சீற்றம், யாரும் எதிர்பார்க்கவில்லை என்று துறைமுகம் எழுதிக் கொடுத்தது. கோட்டம்மா அலமாரிக்கு மேலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு போய் விசாரணை அதிகாரியின் மேசையில் விரித்தாள்.

"இது நான் முதல்ல போட்டது. தேதி பாருங்க. அப்புறம் அனுப்பின படத்துலயும் என் கையெழுத்துதான் இருக்கு."

"தெரிஞ்சே போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

சிவப்புப் புழுதி படிந்த ஒரு முகம் நினைவில் வந்தது. "இல்ல" என்றாள்.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். பொறியாளருக்கு இடமாற்றம். கடைசித் தெருவை மட்டும் அபாயப் பகுதி என்று அறிவித்து, ஊருக்கு உள்ளே இரும்பாலைக்குப் பின்னால் அடுக்குமாடியில் இடம் கொடுத்தார்கள். சுவர் வேலை எட்டு மாதம் தள்ளிப்போனது. அப்புறம் லாரிகள் கல்லோடு வரத் தொடங்கின.

அடுக்குமாடியில் அக்காவுக்கு நாலாவது மாடி. கோட்டம்மா மூன்று முறை ஏறிப்போனாள். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும், கதவு திறக்காது. நாலாவது முறை, தட்டுவதற்கு முன்பே கதவு திறந்திருந்தது.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "வேலை போச்சாமே" என்றாள்.

"போச்சு."

"விசாரணையில நீ யார் பேரையும் சொல்லலையாம், உங்க அத்தான் பேரைக்கூட. பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார்."

கோட்டம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அவர் அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு" என்றாள் அக்கா. "களத்துக்கு நீ வந்தது, பேசினது, எல்லாம். மூணு வருஷ வேலை, அதுல ரெண்டு வருஷம் ஓட்டிட்டுப் போயிடலாம்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணோம். மூட்டைக்கு மண் அள்ளிக் கொடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரியில உன் முகத்தைப் பாத்தேன். பழியெல்லாம் நீயே எடுத்துக்கிட்டு நின்னே. எனக்கு நிமிந்து பாக்கத் தைரியம் வரல. கதவைத் தொறந்தா இதைச் சொல்லணுமேன்னுதான் தொறக்கல."

இருவரும் அழவில்லை. அழுது தீர்க்கிற அளவில் அது இல்லை. கீழே லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சுவர் நீண்டா இன்னும் எத்தனை தெரு?" என்று அக்கா கேட்டாள்.

"மூணு. அதுக்கும் மேலயும் போகலாம்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"யாரும் சொல்லல."

அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள். அன்று சாயங்காலமே இருவரும் வடகரைக்குப் போனார்கள். மீதமிருந்த மூன்று தெருவில் முதல் தெருவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். கோட்டம்மா எண்களைச் சொன்னாள். அக்கா தன் கதையைச் சொன்னாள். முதல் நாள் பதினேழு வீடு. ஆறு வீட்டில் உட்காரவைத்துக் கேட்டார்கள், மாற்றுவீடு கேட்கும் மனுவில் பெயர் எழுதினார்கள். ஐந்து வீட்டில் பிறகு வரச் சொன்னார்கள். மற்றவர்கள், சுவர் வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் இதென்ன வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள்மேல் அக்காவுக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் அதே வீடுகளுக்குத் திரும்பப் போகலாம் என்றாள்.