தங்கும் அக்கா, வந்து போகும் அக்கா

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருப்பது சுவர் என்று கட்டியவர் சொன்னார். என் காது அதை ஒப்புக்கொள்ளவில்லை. காதுக்கு எட்டாததை அந்த வீட்டுத் தம்பதியே மாடிப்படியில் சொல்லிச் சிரித்தார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவள் வாழ்க்கையையே புரட்டிப்போடப்போகும் அந்த இருண்ட…’

அடித்துவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில்.

2

அவள் அலுவலகங்களுக்குத் தீ விபத்துப் பயிற்சி நடத்துகிறவள். மணியை அடித்து, மேலாளர் முதல் எல்லாரையும் படியில் இறக்கி, வாசலில் நிறுத்தித் திட்டுவதற்குச் சம்பளம். அவன் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவன். அவர்களுடைய பத்து மாதப் பெண்ணுக்கு வீட்டில் பெயர் பூசணி.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா கிடைத்துவிட்டார். சின்ன அறையில் தங்கவும் தயார், காலையில் வந்து மாலையில் போகவும் தயார். ஞாயிறு மாலைக்குள் சொல்லிவிட்டால் போதும் என்றார்.

அவன் கண்ணாடிக் கடை வழக்கப்படியே கேட்டுக்கொண்டிருந்தான்: “இது தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி சொன்னதா?”

அவளுக்கு இரண்டுமே மங்கல். (குழந்தை முதலில் அக்காவிடம் தாவிவிடுமோ என்பதுதான் அவள் பயம். இதைச் சுவர் சொல்லவில்லை, நானாகப் போட்டது. கடைசியில் அவளே சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்.)

3

கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தாள்: ஒத்திகை. சனிக்கிழமை அவன் தங்கும் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் அக்கா. எப்போதும் ‘டா’ போடுகிறவள், பயிற்சி என்பதால் ‘நீங்க’ என்றாள்.

சனிக்கிழமை அவன் தலையணையோடு சின்ன அறைக்குக் குடிபோனான். பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்தான். சாயங்காலம் வந்து பணிவாக, வேலை முடிந்துவிட்டது என்றான்.

“முடிஞ்சுதா? இங்கதானே இருக்கீங்க?”

சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்பது அவளுக்கு உறைத்தது. அவன் போய் மூடிக்கொண்ட சின்ன அறைக் கதவைப் பூசணி வேறு தட்டித் தட்டி அழுதுகொண்டிருந்தாள். பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆயாவைத் தேடுகிறாள்!

ஞாயிற்றுக்கிழமை ‘அக்கா’ தாமதமாக வந்தார். வழியில் யாரோ கண் எரிகிறது என்று நிறுத்திவிட்டார்களாம். கற்பனை அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவள் நிஜமாகவே கத்தினாள். மாலையில் பையை மாட்டிக்கொண்டு அவர் கிளம்பியதும், பூசணி வாசல்வரை தவழ்ந்துபோய்

(இந்த வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன். மூன்றிலும் குழந்தை என்னைவிட அழகாக நடித்தது. விட்டுவிட்டேன்.)

அழுதாள். நேற்றைவிடப் பலமாக.

4

வாசகர் முன்பே கண்டுபிடித்திருப்பார். அவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது: அழுகை ஆயாவுக்காக அல்ல, அப்பாவுக்காக. ஊருக்கெல்லாம் ஒத்திகை நடத்துகிறவள், தன் வீட்டு ஒத்திகையில் ஆள் மாற்றி நிறுத்தியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து பூசணிக்கு அப்பா முழுசாக இரண்டு நாள் கிடைத்தது இப்போதுதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கு அடியில் ஏதோ இளகியது.

வெளியே, போக்கிடம் இல்லாத ஆயா படியில் உட்கார்ந்திருந்தான். பதில் கேட்க வந்த நிஜ அக்கா, உள்ளே போகாமல் ஏன் இங்கே என்றார்.

“என் வேலை நேரம் முடிஞ்சுடுச்சுக்கா.”

அக்கா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

5

முடிவு ஒன்று: தங்குகிறார். முடிவு இரண்டு: வந்து போகிறார். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் கதவைத் திறந்தவள் என் இரண்டையும் கேட்கவில்லை.

“அக்கா, ஒண்ணு சொல்லிடுறேன். அவ உங்ககிட்ட ஒட்டிக்கிட்டா எனக்குப் பொறாமையா இருக்கும்.”

“ஒட்டலைன்னா என் வேலை போயிடுமேம்மா.”

அவள் நகர்ந்து வழிவிட்டாள். தங்குவதா, போய் வருவதா என்று பேச மூவரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள். என்ன முடிவாயிற்று என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் எனக்குச் சம்மதம். இந்த வரியை மட்டும் அடித்துவிட வேண்டாம்: பூசணி அப்போது யாரிடமும் தாவவில்லை. ஒரு செருப்பை எடுத்து வாயில் வைத்தாள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை நீட்டினார்கள்.