மாப்பிள்ளையின் வயது எக்ஸ்

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு தென்காசிக்கு வந்திறங்கியிருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை வரவில்லை, லீவு கிடைக்கவில்லையாம். ஜாதகத்தைக் கரையான் அரித்துவிட்டதாம். வயது இருபத்தேழு என்று தரகர் சொன்னதோடு சரி.

சண்முகசுந்தரி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளோடு ஐந்தாம் பாரம் படித்த ஆவுடைத்தாயையும் இப்படித்தான் வயதை மறைத்துக் கட்டிக்கொண்டு போனார்கள். ஒரே வருஷத்தில் வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்தாள்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அக்காள் உலகம்மாள் கூந்தலை உதறியபடி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"தாயில்லாப் புள்ளய நாந்தான் அண்ணாச்சி வளத்தேன். அவன் பொறக்கையில எனக்குப் பதினாலு வயசு. அம்மா கண்ண மூடுதப்போ அவன் வயசுக்கு ரெட்டிப்பு எனக்கு. அதுவும் ஆச்சு, ரெண்டு மாமாங்கம்."

"இருவத்துநாலு வருசமா! காலம் ஓடுதுல்லா," என்றார் அப்பா வல்லிநாயகம்.

சுந்தரியின் விரல் தானாகவே கதவில் எழுதத் தொடங்கியது. தாய் இறந்தபோது தம்பிக்கு எக்ஸ். அக்காளுக்கு எக்ஸோடு பதினாலு. அது இரண்டு எக்ஸுக்குச் சமம். அப்படியானால் எக்ஸ் பதினாலு. அதற்குப் பின் இருபத்துநாலு வருஷம்.

முப்பத்தெட்டு!

கணக்குத் தப்பாக இருந்தால்? போன பரீட்சையில் அப்பனைவிட மகனை மூத்தவனாக்கி வகுப்பையே சிரிக்க வைத்தவள் அவள். திரும்பப் போட்டுப் பார்த்தாள். இப்போது இருபத்தேழு என்றால் அன்றைக்கு அவனுக்கு மூன்று, அக்காளுக்குப் பதினேழு. இரட்டிப்பு ஆகவில்லை.

கூடத்தில் அப்பா தாம்பூலத் தட்டைத் தூக்கிவிட்டார். அது கைமாறினால் நிச்சயம் முடிந்தது.

காப்பித் தம்ளரோடு வெளியே வந்தாள்.

"மதினி, உங்க அம்மா போகையில உங்களுக்கு இருவத்தெட்டு வயசா?"

"அட, ஆமாட்டி! இருவத்தெட்டேதான். எப்படிக் கண்டுபிடிச்சே? அண்ணாச்சி, ஒங்க மக பெரிய கெட்டிக்காரில்லா!"

"அப்போ அவுகளுக்குப் பதினாலு..." என்றவள் அப்பாவைப் பார்த்தாள்.

உலகம்மாளின் சிரிப்பு பாதியில் அறுந்தது. அப்பாவின் உதடுகள் அசைந்தன. கட்டைவிரல் விரல்கணுக்களில் ஊர்ந்தது. அடிக்கப் போகிறார் என்று சுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்ல நேரம் போவுது அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள்.

அப்பா தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி சுந்தரி, இங்கன உக்காரு. அதை இன்னொருக்க சொல்லு."