தாடைக்குக் கீழே ஒரு வார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கழுத்தில் தொங்கிய ஒரு விசிலிலிருந்து பிறந்தது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் ஊர் ஏரிக்கரையில் குடும்ப டிரையத்லான் நடக்கும். பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்து நூறு மீட்டர் நீந்தி, ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, ஒரு கிலோமீட்டர் ஓடி, ஒன்றாகவே கோட்டைத் தாண்ட வேண்டும். நான் சைக்கிள் வரிசைக்குக் காவல். ஹெல்மெட்டின் வாரை மாட்டாமல் யாராவது சைக்கிளை எடுத்தால் நான் விசில் ஊத வேண்டும். ஊதினால் அந்தக் குடும்பம் அதோடு வெளியே. பதக்கம் கிடையாது.

நெதர்லாந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரில் ஹெல்மெட்டோடு சைக்கிளில் போகிறவனைப் பார்த்தால், "யாரோ ஜெர்மன்காரன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் இந்தக் காவல் வேலைக்கு உள்ளூரில் ஒருவரும் முன்வரவில்லை. வந்தவள் நான்தானே, என் தலையில் கட்டிவிட்டார்கள்.

2

தொடக்கம் ஒன்று: "அன்று ஏரி வெள்ளித் தகடாக மின்னி..." (வேண்டாம். பழைய காப்பி நிறத்தில் இருந்தது. நான் நேரில் பார்த்தேன்.)

தொடக்கம் இரண்டு: "ஒன்பது வயது ரின்ஸ்கே துணிச்சலான பெண்..." (பொய். கரையில் எல்லாரும் இறங்கிய பிறகுதான் அவள் தண்ணீரில் கால் வைத்தாள்.)

தொடக்கம் மூன்று: யெல்லே தன் மகள் ரின்ஸ்கேவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்.

இது போதும். இதிலிருந்தே போகலாம்.

யெல்லே தபால்காரன். வாசற்படியில் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். போன வருடம் இதே போட்டியில் ரின்ஸ்கே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்றாள். "ஒண்ணுமில்லடி, வா" என்று அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் கால் வழுக்கி, தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே கரையேறினாள். அதன் பிறகு ஒரு வருடமாக அவள் அவனிடம் கையைக் கொடுப்பதில்லை. தண்ணீரில் மட்டுமல்ல, சாலையைக் கடக்கும்போதுகூட அம்மா பக்கம் போய்விடுவாள். அது அவனுக்கு வலித்தது. வெளியே சொல்லிக்கொள்ளாத ஆள், அதனால் நான் சொல்கிறேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ரின்ஸ்கேவுக்கு நீச்சல் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஆறு வயதிலேயே சட்டை, கால்சட்டை, ஷூவோடு குளத்தில் குதித்து நீந்திக்காட்டினால்தான் சான்றிதழ். அவளிடமும் இருக்கிறது. ஆனால் அது வெந்நீர்க் குளம், அடியில் இருக்கும் ஓடுகளை எண்ணலாம். ஏரியில் நம் கால் நமக்கே தெரியாது.)

இந்த வசந்தத்தில் ஒரு நாள் காலை, ரொட்டியில் சாக்லேட் தூளைத் தூவிக்கொண்டே ரின்ஸ்கே சொன்னாள்:

"இந்த வருஷம் நான் வரேன்பா. ஆனா தண்ணியில நீ என்னைத் தொடக் கூடாது."

"நீ பயந்துட்டா?"

"கூப்பிட்டா வா. கூப்பிடலேன்னா சும்மா பக்கத்துல நீந்து."

"வாயையும் மூடிக்கிட்டு நீந்தணும்னு சேர்த்துக்கடி" என்றாள் அவள் அம்மா மார்யோலைன். "உங்கப்பாவுக்கு அதுதான் ரொம்பக் கஷ்டம்."

"சத்தியமா தொடமாட்டியே?"

"சத்தியம்" என்றான் யெல்லே. வேறு என்ன சொல்வான்?

அன்று முதல் சமையலறைத் தரையில் ஒத்திகை. துண்டு, ஷூ, ஹெல்மெட் என்று வரிசையாக வைத்துக்கொண்டு, "தலை, வார், டிக்! அப்புறம்தான் சைக்கிள்" என்று முப்பது தடவை செய்து பார்த்தாள்.

"நீயும் செஞ்சு பாருப்பா."

"இருபது வருஷமா சைக்கிள்லதான் தபால் போடறேன். எனக்கே சொல்லித் தரியாக்கும்."

3

இந்த இடத்தில் எனக்கு யெல்லே மேல் சந்தேகம் வந்தது. வாக்கைக் காப்பாற்றும் அப்பாவைக் கதையில் உருவாக்குவது சுலபம். அவன் மனதுக்குள் ஓடியது எனக்கு எப்படித் தெரியும்? தெரியும். எங்கள் தெருவுக்கும் அவன்தான் தபால்காரன். பின்னால் ஒரு நாள் என் வாசலில் நின்று, மின்சாரக் கட்டணக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அவனாகச் சொன்னான்.

போட்டியன்று ஆரஞ்சு மிதவை வரைக்கும் ரின்ஸ்கே நன்றாகத்தான் போனாள். அங்கே ஏதோ நீர்க்கொடி அவள் காலைச் சுற்றியது. சட்டென்று நின்றாள். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. யெல்லே ஒரு கை தூரத்தில் இருந்தான். அவள் கூப்பிடவில்லை.

அவன் கை தானாக நீண்டு அவளுடைய

(இந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். கை நீண்டது உண்மை. தொடுவதற்குள் அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் மிதக்க முடியுமா? முங்கினான். தண்ணீரைக் குடித்தான்.)

ரின்ஸ்கே ஒரு கண்ணைத் திறந்தாள்.

"குடிச்சிட்டியாப்பா?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு?"

"கண்றாவி."

"எனக்கும் போன வருஷம் அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். காலை உதறிக் கொடியை விடுவித்தாள், புரண்டாள், நீந்தத் தொடங்கினாள்.

4

இருவரும் கரையேறி ஓடி வந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மார்யோலைன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். யெல்லே அழுதுகொண்டிருந்தான். கேட்டால் ஏரித் தண்ணீர் என்பான். சந்தோஷத்தில் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாத கை என்ன செய்தது தெரியுமா? இருபது வருடமாகத் தினமும் காலையில் செய்வதைச் செய்தது. ஹெல்மெட் புல்லில் கிடக்க, சைக்கிளைக் கம்பியிலிருந்து எடுத்துக் காலைத் தூக்கிப் போட்டுவிட்டது.

யானைக்கும் அடி சறுக்கும். இந்த ஊர் யானைக்கு இங்கேதான் சறுக்கும்.

பக்கத்தில் ரின்ஸ்கே, ஒத்திகை பார்த்தபடியே, தலை, வார், டிக். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பக்கத்து வரிசையில் இருந்த இரண்டு குடும்பங்களும் பார்த்தன.

நான் விசிலை வாயில் வைத்தேன்.

5

முடிவு ஒன்று: ஊதுகிறேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அவள் நீந்திய நூறு மீட்டரும் கணக்கில் வராமல் போகும். அப்பாவோடு வந்தால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு பிள்ளை மறுபடியும் நினைக்கும். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

முடிவு இரண்டு: ஊதவில்லை. ஏரியில் ஒரு வாத்தை அக்கறையாகப் பார்க்கிறேன். அப்படியானால் அவள் முப்பது தடவை பழகியது எதற்கு? நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாளே. வாக்கு என்றால் என்னவென்று அன்று ஏரி நடுவில் தெரிந்துகொண்ட பெண்ணை ஏமாற்றுவதா?

முடிவு மூன்று: பதக்கம், கைதட்டல், ஐஸ்கிரீம், (அடித்துவிட்டேன்.)

நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி இது. ரின்ஸ்கே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புல்லில் கிடந்த அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவனிடம் நடந்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "ஐயோ, கெடுத்துட்டேனே" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா. குனி."

குனிந்தான். அவள் ஹெல்மெட்டை அவன் தலையில் வைத்தாள். தோலைக் கவ்விவிடாமல் இருக்க வாருக்கும் தாடைக்கும் நடுவே தன் விரலைக் கொடுத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கை அவன் மேல் பட்டது. அவன் தாடை நடுங்கியது இருபதடி தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது.

வேண்டாத வேலையை என் தலையில் கட்டிய ஊர்க்காரர்களுக்கு நன்றி. அவர்கள் கட்டியிருக்காவிட்டால் நான் அந்த இடத்தில் நின்றிருக்க மாட்டேன். யெல்லேவுக்கு நன்றி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டதற்கு. ரின்ஸ்கேவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்று சொல்லப்போவதில்லை. விசிலை உங்களிடம் தருகிறேன். என் எச்சில் பட்டது, துடைத்துக்கொள்ளுங்கள். விதி உங்களுக்குத் தெரியும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஊதுவதென்றாலும், அந்த 'டிக்' சத்தம் கேட்கும் வரை பொறுங்கள்.